குறிப்பு என்ற கட்டம்

ஹித் கப்பல் பட்டறையில்
ஸ்டோர் ஜன்னல் என்னுடையது.
பதினாறு வருஷம் அதற்குள் நின்றதில்
முகங்களைவிடக் கால்களை
அதிகம் தெரியும் எனக்கு.

டாக்டர் முனீரா
சாதாரணச் செருப்பில் வந்திருந்தார்.
மஞ்சள் கோடு தாண்ட அனுமதியில்லை.
ஜன்னல் வழியாகவே பேசினோம்,
அவருடைய இந்தியும் என்னுடைய இந்தியும்
ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தபடி.

வெல்டர் கஸ்பாருக்கு
நான் ஷூ கொடுத்த தேதிகள் வேண்டுமாம்.
எத்தனை வருஷத்துக்கு இருக்கிறதோ அத்தனையும்.
அவன் கையெழுத்திட்ட சம்மதத் தாளை
வெயிலில் சூடான தகரத்தின் மேல் வைத்தார்.

மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி,
கொண்டைக்கடலை அளவு,
அதில் ஒரு கட்டி.
வளர்ந்து முடித்த மனுஷனை
மறுபடி வளரச் சொல்லுமாம் அது.
உயரத்துக்கு வழியில்லாமல்
கைக்கும் காலுக்கும் தாடைக்கும்
பாயுமாம் அந்த வளர்ச்சி.

கஸ்பார் முன்பே சொல்லியிருந்தான்:
"ஒரு டம்ளர் சக்கரத் தண்ணி அண்ணாச்சி,
கொமட்டுற இனிப்பு.
அரை மணிக்கு ஒரு தடவ ரத்தம்.
மத்தவங்களுக்கு அதக் குடிச்சா
ஏதோ ஒண்ணு இறங்குமாம்.
எனக்கு இறங்கல."

மூக்கு வழியாகப் போய்
எடுத்துவிட்டார்கள்.
இப்போது டாக்டரின் கேள்வி வேறு:
பெயர் வைக்கப்படும் முன்
இந்த நோய் எத்தனை வருஷம்
எல்லோர் கண்ணெதிரிலும் நடமாடியது?
ஆய்வில் நாற்பத்திரண்டு பேர்.
சிலர் கல்யாண ஆல்பம் கொண்டுவந்தார்கள்,
ஒருத்தி வெட்டியெடுத்த மோதிரத்தை.
கஸ்பாரிடம் ஒன்றுமில்லை.
அடையாள அட்டை புதுப்பிக்கும்போது
பழையதைக் கம்பெனி வாங்கிக்கொள்ளும்,
அதிலிருந்த முகத்தோடு.

பதிவேட்டைத் திறந்தேன்.

2009 ஜனவரி, எட்டு.
2010 டிசம்பர், எட்டு.
2012 ஏப்ரல், ஒன்பது.
2013 ஜனவரி, பத்து.
2013 ஆகஸ்ட், பத்து, அகலமானது.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே
ஒன்றும் எழுதாத கோட்டின் மேல்
விரலை வைத்தார்.
"இங்கேதான்."
நான் அந்தக் கோட்டை
அடிக்குச்சி வைத்துப் போட்டது நினைவிருக்கிறது.

அடுத்த பக்கம் திருப்பினேன்.
முகக்கவசம், பொருத்தச் சோதனை, தோல்வி.
மறுபடி, தோல்வி.
ஷேவ் பண்ணாமல் வந்தான் என்று
திட்டி அனுப்பியிருந்தேன்.
ரப்பர் விளிம்புக்கும் தாடைக்கும் இடையே
வளர்ந்தது முடியில்லை.

"முந்தின பக்கத்துக்குப் போங்கள்," என்றார்.
ஆகஸ்ட் வரியின் கடைசிக் கட்டத்தைக்
கட்டைவிரலால் மறைத்தேன்.
விரலை எடுக்கச் சொன்னார்.
இங்கிலீஷில்தான் எழுதியிருந்தேன்,
தமிழில் இப்படி வரும்:

*ஏழு மாதத்தில் இரண்டாவது ஜோடி.
காரணம் இல்லை.
வெளியே விற்கிறான் என்று சந்தேகம்.
நாலு தினார் பிடித்தம்.*

கிரேன் ஒன்று எங்களைத் தாண்டி
மணியடித்தபடி போனது.
அது போய் முடியும்வரை நின்றார்.

"சந்தேகம்," என்றார் பிறகு.
"ஐந்து வருஷம் கழித்துத்தான்
எங்களில் ஒருவருக்கு அது வந்தது.
அதற்குள் தலைவலிக்கு நாலு பேர்,
சர்க்கரைக்கு ஒருவர்,
குறட்டைக்கு ஒருவர் பார்த்திருக்கிறார்கள்.
இந்த வரியைப் படம் எடுக்கலாமா?"

எடுத்துக்கொண்டார்.
நோயாளி பதினேழு, ஆண் என்று போடுவார்களாம்.
அவன் பெயர் வராது.
என் பெயரும் வராது.
அதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி
எனக்கே பிடிக்கவில்லை.

எலும்பு திரும்பாது என்று சொல்லியிருக்கிறார்கள்.
சதை கொஞ்சம் வற்றும்.
போன மாதம் ஜன்னலுக்கு வந்தவன்
ஷூ கயிற்றை ஒரு கண் அதிகமாக இறுக்கியிருந்தான்.
"பதினொண்ணு," என்றான்
தடித்த நாக்கால்.
போன வருஷமும் பதினொன்று.

பெட்டியை நகர்த்தினேன்.
தேதி, எண், அளவு, கையெழுத்து.
பிடித்தம் போட ஒரு கட்டம் உண்டு,
பிடித்ததைத் திருப்பித் தர
எந்தப் பக்கத்திலும் கட்டம் கிடையாது.
சட்டைப்பையிலிருந்து நாலு தினார் எடுத்துப்
பெட்டி மேல் வைத்தேன்.

கஸ்பார் நோட்டுகளைப் பார்த்தான்.
பற்களுக்கு நடுவே விழுந்த சந்து தெரியச் சிரித்தான்.

"இந்த அளவ வெளிய கொண்டு போனா
எவன் வாங்குவான் அண்ணாச்சி?"